மடத்து வாயிலில் சில சொற்கள்

மும்பையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் 'கான்வென்ட்' என்னும் சொல் நுழையாத வீடு இல்லை எனலாம். குழந்தைக்கு மூன்று வயது நிரம்பியதும், எந்தக் கான்வென்டில் சேர்ப்பது என்னும் பேச்சு எழுந்துவிடுகிறது. ஊரிலிருந்து வரும் பாட்டியும், "பேத்தி கான்வென்டிலேயா படிக்கிறாள்?" என்று பெருமையோடு வினவுகிறாள். மணமகள் தேவை விளம்பரங்களில் 'கான்வென்டில் படித்த பெண்' என்னும் தொடர் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. துறவியர் ஒருவர்கூட இல்லாத, கடைத்தெரு மாடியில் நடைபெறும் பள்ளிகளும் தம் பெயர்ப் பலகையில் இச்சொல்லைப் பொறித்துக்கொள்கின்றன. ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளி என்பதே நம் நாட்டில் அச்சொல்லின் பொருளாகிவிட்டது.

சொற்கள் தம் பிறந்தகத்தை மறந்து புகுந்த வீட்டில் வாழ்வது புதுமையன்று. ஆயினும் அவற்றின் பிறந்தகத்தை ஒரு முறையேனும் சென்று காண்பது நல்லது. 'கான்வென்ட்', 'மதர்', 'சிஸ்டர்', 'கன்னியாஸ்திரீ' என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுக்குப் பின்னால், நூற்றாண்டுக் கணக்கில் பெண்கள் வாழ்ந்த வாழ்வும், அவர்கள் துறந்த உறவுகளும், பெற்ற உறவுகளும் மறைந்து கிடக்கின்றன. இவற்றை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற இடம் ஒன்று மும்பையிலிருந்து ஓரிரவுப் பயணத் தொலைவிலேயே இருக்கிறது. அதுவே பழைய கோவாவில் உள்ள புனித மோனிக்கா மடம்.

மும்பையினின்று இரவில் புறப்படும் 'கொங்கண் கன்யா' விரைவு வண்டியில் ஏறினால், காலையில் கர்மாலி நிலையத்தில் இறங்கலாம். 1998ஆம் ஆண்டில் கொங்கண் இருப்புப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டபின் இப்பயணம் எளிதாகிவிட்டது. விடியற்காலையில் கண் விழித்துச் சாளரத்தின் வழியே நோக்கினால், தென்னந்தோப்பும் வயலும் உப்பங்கழியும் மாறி மாறித் தோன்றி, நம் தென்னாட்டுக் கடற்கரையையே நினைவூட்டும். நாம் ஏறிவந்த வண்டியின் பெயரிலுள்ள 'கன்யா' என்னும் சொல்லையும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அச்சொல்லை மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

கர்மாலியிலிருந்து பழைய கோவா சில நிமிடப் பயணமே. 1510ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் கைப்பற்றிய இந்நகரம், கீழ்த்திசையில் அவர்கள் அமைத்த பேரரசின் தலைநகராயிற்று. பின்னர் கொள்ளை நோய்களும் காய்ச்சலும் மக்களை விரட்டின. 1843இல் தலைநகரம் என்னும் பெயரும் பணஜிக்குச் சென்றுவிட்டது. இன்று வீடுகள் மறைந்து, கோயில்கள் மட்டும் நிற்கும் ஊராக இது காட்சியளிக்கிறது. 1986இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 'கோவாவின் தேவாலயங்களும் கான்வென்டுகளும்' என்னும் தலைப்பில் இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

புனித சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் பொம் ஜேசு தேவாலயத்தில் எப்பொழுதும் கூட்டம் நெரிகிறது. அங்கிருந்து மேற்கே சிறு மேடேறினால் 'புனிதக் குன்று' என்னும் இடம் வரும். ஏறுவோரை முதலில் எதிர்கொள்வது புனித அகுஸ்தீனார் தேவாலயத்தின் சிதைந்த கோபுரமாகும். 46 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரத்தின் ஒரு பகுதி 1931இல் இடிந்து விழுந்தது. எஞ்சிய பகுதி ஓங்கி நிற்கிறது. அதற்கு எதிரே, சாலையின் மறுபுறத்தில், மூன்று தளங்களுடன், பெருந்தாங்கு சுவர்கள் அணைத்து நிற்க, கோட்டையோ என்று மயங்கும் வண்ணம் விளங்குவதே மோனிக்கா மடம். செம்பூராங்கல்லால் கட்டப்பட்ட பெருஞ்சுவர்களையும், நடுவே திறந்த முற்றத்தையும் உடையது. 1606இல் கோவாவின் பேராயர் அலெய்ஷு தெ மெனேசிசு இதனைத் தொடங்கினார். கேரளத்தில் 1599ஆம் ஆண்டு உதயம்பேரூர்ச் சங்கத்தைக் கூட்டியவரும் அவரே. கட்டட வேலை 1627இல் முடிவுற்றது. கீழ்த்திசை நாடுகளில் பெண் துறவியருக்கென எழுந்த முதல் மடம் இதுவே என்பர்.

மடத்தின் முன்னே நின்று 'கான்வென்ட்' என்னும் சொல்லை எண்ணுவோம். இலத்தீன் மொழியில் 'கொன்வெந்துஸ்' என்றால் கூட்டம், ஒன்றுகூடுதல் என்பது பொருள். கல்லையும் சுண்ணாம்பையும் அச்சொல் குறித்ததன்று. கூடி வாழும் மனிதரையே குறித்தது. ஆடவர் துறவு இல்லங்களும் இப்பெயரையே பெற்றிருந்தன. போர்த்துக்கீசிய மொழியில் இன்றும் அவ்வாறே வழங்குகிறது. உலகப் பாரம்பரியப் பட்டியலில் கண்ட 'கான்வென்டுகள்' என்பதிலும் ஆண் துறவியரின் இல்லங்கள் அடங்கியுள்ளன. இலண்டன் மாநகரில் 'கவென்ட் கார்டன்' என்னும் புகழ்பெற்ற இடம் உண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் மடத்து ஆண் துறவிகளின் தோட்டமாக இருந்தமையால் அதற்கு அப்பெயர் வந்தது. பிற்காலத்தில்தான் ஆங்கிலேயர் இச்சொல்லைப் பெண்களின் மடத்திற்கென ஒதுக்கினர். நாமோ அதனைப் பள்ளிக்கூடத்திற்கு மாற்றிவிட்டோம்.

இதற்கு மாறானது 'மொனாஸ்ட்ரி' என்பது. 'மோனோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் தனி என்பது பொருள். தனித்து வாழ்வோன் 'மொனாக்கோஸ்'. ஆங்கிலத்தில் 'மங்க்' என ஆயிற்று. ஒரே வாழ்வுக்கு ஒரு சொல் தனிமையையும், மற்றொரு சொல் கூட்டத்தையும் பெயராகத் தந்திருப்பது வியப்பன்றோ! உலகத்தாரின் பக்கத்திலிருந்து நோக்கினால் துறவி தனித்தவள். உள்ளிருந்து நோக்கினால் பலரோடு கூடியவள். இரு சொற்களும் மெய்யே.

இனி உள்ளே வாழ்ந்தவர்களை அக்காலத்தார் எவ்வாறு அழைத்தனர் என்று காண்போம். போர்த்துக்கீசியர் வழங்கிய பொதுச் சொல் 'ஃப்ரெய்ரா' என்பது. 'ஃப்ராத்தெர்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு உடன்பிறந்தான் என்பது பொருள். அதன் வழிவந்த 'ஃப்ரெய்ரெ' ஆண் துறவியைக் குறித்தது. அதற்குப் பெண்பால் விகுதி சேர்த்து 'ஃப்ரெய்ரா' ஆக்கினர். எனவே சொல்லை உரித்துப் பார்த்தால் 'பெண் அண்ணன்' என்றாகிறது! உடன்பிறந்தாளைக் குறிக்கும் சொல் அம்மொழியில் இல்லாமற் போகவில்லை. 'இர்மாங்' என்னும் சொல் இருந்தது. துறவியை விளிக்கவும் அது பயன்பட்டது. ஆயினும் நிலையின் பெயரை ஆண்பாலிலிருந்தே ஆக்கிக்கொண்டனர்.

இதனினும் விந்தையானது மடத்துத் தலைவியைக் குறிக்கும் 'அபெஸ்' என்னும் ஆங்கிலச் சொல். இயேசு பெருமான் பேசிய அரமேய மொழியில் 'அப்பா' என்றால் தந்தை. நம் தமிழ் அப்பாவைப் போலவே ஒலிப்பது. அச்சொல் இலத்தீனில் 'அப்பாஸ்' என்று மடத்துத் தலைவனைக் குறித்தது. பெண்ணுக்கு ஆகும்பொழுது 'அப்பாதிஸ்ஸா' ஆயிற்று. தாயைக் குறிக்கும் சொல்லைத் தேடாமல், தந்தையின் பெயருக்கே பெண்பால் ஈறு தந்துவிட்டனர். நம் சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தி 'ஐயை' எனப்படுகிறார். 'ஐயன்' என்பதன் பெண்பால் அது. 'அடிகள்' என்றும் அவரைக் குறிப்பர். அச்சொல்லுக்கு ஆண், பெண் வேறுபாடே இல்லை. துறந்த பெண்ணுக்குப் பெயரிட முற்பட்ட இரு நாட்டினரும் ஒரே வகையான இடரைச் சந்தித்திருக்கின்றனர்.

'நன்' என்னும் ஆங்கிலச் சொல்லோ இல்லத்தின் உள்ளிருந்தே பிறந்தது. பிற்கால இலத்தீனில் 'நொன்னா' என்பது வயது முதிர்ந்த பெண்மணியை மதிப்போடு அழைக்கும் சொல்லாக இருந்தது. அதன் ஆண்பால் 'நொன்னுஸ்'. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜெரோம் எழுதிய கடிதம் ஒன்றில், துறவுக் கோலம் பூண்ட பெண்களுக்கு இச்சொல் வழங்கியதைக் காண்கிறோம். 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் மடத்துக்கு விதி வகுத்தபொழுது, இளையோர் மூத்தோரை 'நொன்னுஸ்' என்று அழைக்க வேண்டுமெனக் கட்டளையிட்டார். மழலை வாயில் இயல்பாக வரும் ஒலி இது. இத்தாலியர் இன்றும் பாட்டியை 'நொன்னா' என்றே அழைக்கின்றனர். இந்தி பேசும் நம் அண்டை வீட்டுக் குழந்தைகள் தாயைப் பெற்ற பாட்டியை 'நானி' என்பதும் ஒத்த ஒலியே. குழந்தைகளின் நாவில் எங்கும் இத்தகைய சொற்கள் தாமே பிறக்கின்றன.

தமிழில் 'அவ்வை' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். தாய், மூதாட்டி, தவப்பெண் ஆகிய மூன்று பொருளும் அதற்கு உண்டு. 'நொன்னா' நடந்த வழியிலேயே நம் அவ்வையும் நடந்திருக்கிறாள். பெறாதவளைத் தாய் என்றும், முதுமை எய்தாதவளைப் பாட்டி என்றும் மதிப்போடு அழைக்கும் வழக்கம் இரு நாட்டிலும் தனித்தனியே தோன்றியது. உறவின் பெயரன்றி உயர்வைக் காட்ட வேறு பெயர் மனிதனுக்கு எளிதில் அகப்படுவதில்லை போலும்.

மடத்தின் பெயரும் ஓர் உறவைச் சொல்வதே. மோனிக்கா துறவியல்லள், மணம் புரிந்து, மக்களைப் பெற்று, கைம்மை எய்திய தாய். நெறி தவறித் திரிந்த மகனுக்காகப் பல்லாண்டு கண்ணீர் விட்டவள். அம்மகனே பின்னர்ப் புனித அகுஸ்தீனார் எனப் புகழ் பெற்றான். கைம்பெண்ணாகிய அவருடைய உடன்பிறந்தாள் ஆப்பிரிக்காவின் இப்போ நகரில் பெண் துறவியர் இல்லத்திற்குத் தலைவியாக இருந்தாள். அவ்வில்லத்தாருக்கு அகுஸ்தீனார் எழுதிய கடிதம் ஒன்று இன்றும் கிடைக்கிறது. சாலையின் ஒரு புறம் மகனின் பெயரால் ஆடவர் மடம்; மறுபுறம் தாயின் பெயரால் மகளிர் மடம். குன்றின்மேல் தாயும் மகனும் எதிரெதிரே நிற்கின்றனர். மகனின் வீடு இடிந்துபோயிற்று. தாயின் வீடு நிலைத்து நிற்கிறது.

இம்மடத்தின் கதை முழுவதும் இனிமையானது என்று கூறிவிட முடியாது. 'கிளாய்ஸ்டர்' என்பது மடத்தின் உள்முற்றத்தைக் குறிக்கும் சொல். அடைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. 1298இல் திருத்தந்தை எட்டாம் போனிப்பாசு, பெண் துறவியர் மடத்தை விட்டு வெளியேறலாகாது என்று ஆணையிட்டார். திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கம் 1563இல் அதனை மீண்டும் வலியுறுத்தியது. அதன்பின் எழுந்த மடமாதலின், மோனிக்கா மடத்தில் நுழைந்தவள் இறந்தபின்னும் வெளியே வருவதில்லை. உள்ளேயே அடக்கம் செய்யப்பட்டாள். பேசுமிடத்திலும் தடுப்புக் கம்பிகள் இருந்தன.

மேலும், இங்கும் சீர்வரிசை கேட்கப்பட்டது. நம் சமூகத்தைப் போன்றே போர்த்துக்கீசிய மேன்குடிகளிலும் பெண்ணுக்குப் பெரும்பொருள் கொடுத்தே மணம் முடிக்க வேண்டியிருந்தது. மடத்தில் சேர்வதற்கும் பொருள் வேண்டும். ஆயினும் திருமணச் சீரைவிடக் குறைவு. ஆதலால் பல பெண்மக்களை உடைய தந்தையர் சிலரை மணமேடைக்கும் சிலரை மடத்துக்கும் அனுப்புவதுண்டு. நகரத்தின் செல்வமும் மணப்பருவப் பெண்களும் மடத்துள் சென்று அடைபடுவதாகக் கோவா நகராட்சி மன்றத்தார் அரசருக்கு முறையிட்டனர். உள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தது. பாடகர் குழுவில் அமர்ந்து செபம் பாடுவோருக்குக் கருப்பு முக்காடு. பணிகளைச் செய்வோருக்கு வெள்ளை முக்காடு. கருணையால் உந்தப்பட்டு மனமுவந்து வந்தவர் எத்தனை பேர், தந்தையின் கணக்கேட்டால் வந்தவர் எத்தனை பேர் என்பதை அச்சுவர்களே அறியும்.

இங்கு இன்னொரு சொல்லும் அறியத்தக்கது. அதே காலத்தில் கோவாவில் 'ரெக்கொலியிமெந்தோ' என்னும் இல்லங்கள் இருந்தன. சேர்த்துவைத்தல், ஒதுங்கியிருத்தல் என்னும் பொருளில் வந்த பெயர் அது. மலையன்னையின் பெயரால் அமைந்த இல்லத்தில் நற்குடிப் பிறந்த அனாதைப் பெண்களும், கணவன் கடல் கடந்து சென்றதால் தனித்திருந்த மனைவியரும் தங்கினர். மதலேன் மரியாளின் பெயரால் அமைந்ததில் வழி தவறியவர் எனப்பட்ட பெண்கள் வைக்கப்பட்டனர். இவர்கள் துறவியர் அல்லர். நோன்பு வாக்குக் கொடுத்தவரும் அல்லர். ஆயினும் இவர்களையும் சுவரே காத்தது, சுவரே சிறைவைத்தது. ஆடவன் துணையில்லாப் பெண்ணுக்கு மணம், மடம், ஒதுக்கில்லம் என மூன்று வாயில்களையே அக்காலம் திறந்து வைத்திருந்தது.

1834இல் போர்த்துக்கீசிய அரசு துறவு சபைகளைக் கலைத்தது. அகுஸ்தீனார் மடத்து ஆடவர் வெளியேறினர். பெண்களுக்கு மட்டும் சாகும்வரை தங்க இசைவு கிடைத்தது, புதியவரைச் சேர்க்கலாகாது. நூறு பேருக்கென அமைந்த மாளிகையில் ஆண்டுதோறும் குரல்கள் குறைந்தன. கடைசித் துறவி 1885இல் காலமானார். 'கூட்டம்' என்று பொருள்படும் ஓர் இல்லத்தில் ஒருத்தி மட்டும் எஞ்சியிருந்த நாட்களை எண்ணும்பொழுது நெஞ்சு கனக்கிறது. அந்நாட்களில் அது மெய்யாகவே 'மொனாஸ்ட்ரி', தனித்திருப்பவளின் இல்லம், ஆகிவிட்டது.

நம் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'கன்னியாஸ்திரீ' என்பது கன்யா, ஸ்திரீ என்னும் இரு வடசொற்களின் சேர்க்கை. மலையாளிகளும் இதனையே வழங்குகின்றனர். மணமாகாதவள் என்பதே நேர்ப்பொருள். ஆனால் சொல்லைவிட வாழ்வு பெரியது. கேரளத்தில் கூனம்மாவு என்னும் ஊரில் 1866ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள், அந்நாட்டுப் பெண்களுக்கென முதல் துறவு மடம் தொடங்கிற்று. மூங்கில் தட்டிகளால் அமைந்த எளிய வீடாதலின் 'பனம்பு மடம்' என்றே அதற்குப் பெயர். முதலில் நுழைந்தோர் மூவர்: எலீசுவா என்னும் இளங்கைம்பெண், அவருடைய மகள் அன்னா, அவருடைய தங்கை தெரேசியா. தாயும் மகளும் தங்கையுமாகச் சென்ற மூவரும் ஒரே நாளில் ஒருவருக்கொருவர் சகோதரிகளாயினர். பிள்ளை பெற்ற எலீசுவாவும் கன்னியாஸ்திரீயே. அன்று தொட்டு அச்சொல் உடலின் நிலையைக் குறிப்பதை விட்டு, ஏற்றுக்கொண்ட வாழ்வைக் குறிக்கத் தலைப்பட்டது எனலாம். கன்னிப்பேச்சு, கன்னி முயற்சி என்று கூறும்பொழுது கன்னி என்பதற்குப் புதிது, முதலாவது என்றே பொருள் கொள்கிறோம். புதிதாகத் தொடங்கியவள் என்று கொண்டால், எலீசுவா அம்மையாருக்கு அப்பெயர் முற்றும் பொருந்துகிறது.

'சிஸ்டர்' என்னும் சொல்லின் வரலாறு அடைத்த கதவு திறந்த வரலாறாகும். இலத்தீன் 'சொரோர்', ஆங்கில 'சிஸ்டர்', செருமானிய 'ஷ்வெஸ்டர்', வடமொழி 'ஸ்வஸா' ஆகிய யாவும் ஒரே வேரின் கிளைகள். திருச்சபைச் சட்டம், மடத்துள் அடைந்து பெருவாக்குக் கொடுத்தவரை ஒரு பெயராலும், எளிய வாக்குக் கொடுத்து வெளியே தொண்டாற்றுவோரைச் 'சகோதரியர்' என்னும் பெயராலும் பிரித்துக் கூறியது. 1609இல் மேரி வார்டு என்னும் ஆங்கில அம்மையார், சுவருக்குள் அடையாமல் பெண்களுக்குக் கல்வி புகட்டும் சபையைத் தொடங்கினார். 1631இல் உரோமை அதனைக் கலைத்தது. 1633இல் பிரான்சில் வின்சென்ட் தெ பவுலும் லூயிஸ் தெ மரியாக்கும் இரக்கத்தின் புதல்வியர் சபையை நிறுவினர். அவர்கள் தம்மை மடத்துத் துறவியர் என்று கூறிக்கொள்ளாமலிருந்தே தெருவில் நடக்கவும் நோயாளரின் இல்லம் புகவும் உரிமை பெற்றனர். பெயரை விட்டுக்கொடுத்துப் பணியைக் காத்துக்கொண்ட அறிவுடைமை அது! 1900இல்தான் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் இத்தகைய சபைகளை முழுமையான துறவு சபைகளாக ஏற்று ஒழுங்குபடுத்தினார். மருத்துவமனையில் செவிலியரைச் 'சிஸ்டர்' என்று அழைக்கிறோமே, அதுவும் துறவியரே நோயாளரைப் பேணிய காலத்தின் எச்சமாகும்.

'மதர்' என்பது பதவியைச் சுட்டியது. கோவாவில் குருவைப் 'பாத்ரி' என்றும் துறவியை 'மாத்ரி' என்றும் இணைத்துச் சொல்வர். தந்தை, தாய் என்பனவே அவற்றின் பொருள். 'பாத்ரே' நம் நாட்டில் பாதிரியார் ஆனார். மேரி வார்டின் வழிவந்த அயர்லாந்து இலொரேட்டோ துறவியர் 1841ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தா வந்து, பள்ளி நிறுவினர். அச்சபையில் இறுதி வாக்குக் கொடுத்தவரை 'மதர்' என்பது அக்கால வழக்கம். 1937இல் இறுதி வாக்குக் கொடுத்த ஆசிரியை ஒருவர் அவ்வழக்கத்தின்படியே 'மதர் தெரேசா' ஆனார். ஏழைகளின் தாய் என்று உலகம் அவரைப் போற்றுவதற்கு முன்பே அப்பெயர் அவருக்கு அமைந்துவிட்டது. 1950இல் அவர் புதுச் சபை கண்டபின் அப்பெயருக்கு வாழ்வால் பொருள் தந்தார். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் பெண் துறவியரிடையே இருந்த வகுப்பு வேறுபாட்டை நீக்க வழிகோலியது. அதன்பின் பல சபைகளில் 'மதர்' என்னும் பட்டம் மெல்ல மறைந்து, தலைவியும் 'சிஸ்டர்' ஆனார். கருப்பு முக்காடும் வெள்ளை முக்காடும் எதிரெதிரே நின்ற நிலை மாறிற்று.

மோனிக்கா மடமும் பாழாகிப் போகவில்லை. இடைக்காலத்தில் படைவீரர் தங்குமிடமாக இருந்து, 1964 முதல் 'மாதர் தேயி' என்னும் பெயரில் பெண் துறவியருக்கு இறையியல் கற்பிக்கும் நிலையம் இங்கே அமைந்தது. 'மாதர் தேயி' என்றால் இறைவனின் தாய். வெளியேறக் கூடாது என்று பெண்களை அடைத்த இல்லம், உலகிற் சென்று தொண்டாற்றும் பெண்களைப் பயிற்றும் இல்லமாயிற்று. 2002 முதல் கிறித்தவக் கலை அருங்காட்சியகமும் இக்கட்டடத்திலேயே உள்ளது.

நான் சென்றிருந்தபொழுது, அருங்காட்சியகத்தின் வாயிலருகே நம் கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்திருந்த தமிழ்த் துறவி ஒருவரைச் சந்தித்தேன். தமிழோசை கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. சொற்களைப் பற்றிய என் ஆராய்ச்சியைக் கேட்டு நகைத்தார்.

"ஐயா, இங்கே என்னை மாத்ரி என்கிறார்கள். மும்பையில் இருந்தபொழுது சிஸ்டர் என்றார்கள். ஊரில் பெரியவர்கள் கன்னியாஸ்திரீயம்மா என்பார்கள். எல்லாம் எனக்குப் பழகிவிட்டன. ஆனால் முதல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபொழுது, என் தாய் வாசலில் நின்று, 'வாங்க சிஸ்டர்' என்றார்கள். அதுவரை 'வாடி' என்று அழைத்த வாய். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை" என்றார்.

"பிறகு?" என்றேன்.

"மறுநாள் அடுக்களையில் தனியாக இருந்தபொழுது, 'அம்மா, ஊரார் முன்னால் எப்படி வேண்டுமானாலும் அழையுங்கள், இங்கே மட்டும் பழையபடி அழையுங்கள்' என்று கேட்டுக்கொண்டேன். இன்றும் அப்படித்தான், ஐயா. ஒருவர் வாயிலாவது பழைய பெயர் இருக்க வேண்டாமா?"

நான் படித்திருந்த எந்த அகராதியும் இதனை எனக்குச் சொல்லவில்லை. ஊரெல்லாம் 'சகோதரி' என்று அழைக்கும் பெயரைப் பெறுவதற்கு அப்பெண் கொடுத்த விலை, தாயின் வாயிலிருந்த ஒரு 'வாடி'. மடத்துக்குக் கொடுத்த எந்தச் சீர்வரிசையையும்விடப் பெரிய விலை அதுவன்றோ! இவரை எந்தத் தந்தையின் கணக்கும் இங்கு அனுப்பவில்லை. தாமே தேர்ந்து வந்தவர். ஆயினும் தேர்ந்தவர்க்கும் இழப்பு உண்டு.

ஊரையும் உறவையும் விட்டுப் பிழைக்க வந்த நமக்கு இது விளங்காததன்று. மாமா, அத்தை, சித்தி என்று அழைப்பதற்கு ஆளில்லாத நகரத்தில், அடுத்த வீட்டாரை அவ்வாறு அழைத்தே நாமும் உறவைப் படைத்துக்கொண்டோம். இரத்தத்தால் அமையாத உறவைச் சொல்லால் அமைக்கலாம் என்பதை உரோமையின் 'நொன்னா' முதல் நம் அவ்வை வரை யாவரும் நமக்குக் காட்டுகின்றனர். ஆனால் அழைக்கப்படுபவர் அதற்கு ஈடாக எதையேனும் இழந்திருக்கக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்வது நம் கடமை.

விடுமுறையில் கோவா செல்லும் நம் குடும்பங்கள் கடற்கரையோடும், ஏழடுக்குப் பெபிங்கா இனிப்போடும் திரும்பிவிடுகின்றன. அவ்வினிப்பையே மோனிக்கா மடத்துத் துறவி ஒருவர்தாம் முதலில் செய்தார் என்று ஒரு கதையும் கோவாவில் உண்டு. அரை நாளை ஒதுக்கிப் புனிதக் குன்றின்மேல் ஏறுங்கள். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். மடத்துக் கோயிலில் உள்ள திருச்சிலுவையைப் பற்றியும், 1636இல் அதிலுள்ள உருவம் கண் திறந்ததாக மக்கள் நம்புவது பற்றியும் அங்குள்ளோர் கூறுவர். அதன்பின் முற்றத்தருகே சற்று நின்று, தாம் படிக்கும் பள்ளிக்கு அமைந்த பெயர் இத்தகைய சுவர்களுக்குள்ளிருந்து வந்தது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். திங்கட்கிழமை வகுப்பில் "குட் மார்னிங் சிஸ்டர்" என்று கூறும்பொழுது, அச்சொல்லின் பொருள் அவர்களுக்குச் சிறிதேனும் விளங்கியிருக்கும்.